அம்மப்பாவின் ரெக்கோட் 05 சீவுளி: ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் செய்யப்பட்ட ரெக்கோட் 05 இரும்புச் சீவுளி ஒன்று, மரவேலை ஆசிரியராக இருந்த என் அம்மப்பாவின் கருவிப்பெட்டியிலிருந்து எனக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக்குத் தேவையான சிறு தளபாடங்களை நானே செய்துகொள்ளத் தொடங்கியது முதல் இதையே பயன்படுத்தி வருகிறேன். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றின் பின்னறைகளிலும் கொட்டில்களிலும் இத்தகைய கருவிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுப்பதற்கு முன் உரியவர்கள் ஒருமுறை சிந்திக்க வேண்டும் என்னும் விருப்பத்திலேயே இதை எழுதுகிறேன்.

ரெக்கோட் என்பது சி அன்ட் ஜே ஹம்ப்டன் என்னும் ஷெஃபீல்ட் நிறுவனத்தின் வணிகப் பெயர். அந்நிறுவனம் 1931இல் இரும்புச் சீவுளிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அமெரிக்கரான லெனார்ட் பெய்லி உருவாக்கி 1869இல் ஸ்டான்லி நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்த அமைப்பையே பின்பற்றியது. ஸ்டான்லியின் 5ஆம் இலக்கம் ரெக்கோட்டில் 05 ஆயிற்று. நீளம் 14 அங்குலம், அலகின் அகலம் 2 அங்குலம். இதனால் எமக்குக் கிடைக்கும் நன்மை, ஸ்டான்லி 5க்கென இன்றும் செய்யப்படும் அலகுகள் பெரும்பாலும் இதிலும் பொருந்திவிடும் என்பதே.

எமது தச்சர்கள் முன்பு கையாண்ட மரச் சீவுளியில் அலகை ஓர் ஆப்பு இறுக்கிப் பிடித்திருக்கும். அலகின் தலையில் மெல்லத் தட்டினால் அது கீழிறங்கும். சீவுளியின் பின்புறத்தில் தட்டினால் மேலேறும். கை பழகிய தச்சருக்கு அதுவே போதுமானது. ரெக்கோட்டில் அலகு 45 பாகைச் சாய்வுள்ள ஓர் இரும்பு இருக்கையில் படிந்திருக்கிறது. பின்னாலுள்ள பித்தளைச் சில்லை வலப்புறம் திருப்பத் திருப்ப அலகு மயிரிழை அளவில் வெளியே வருகிறது. மேலேயுள்ள சிறு நெம்புகோலை நகர்த்தினால் அதன் கோணல் நேராகிறது. தச்சரிடம் முறையாகப் பயிலாத என்னைப் போன்றவர்கள் நுணுக்கமாக வேலை செய்ய முடிவது இவ்விரு ஏற்பாடுகளாலேயே. கடையில் அண்மையில் வாங்கிய மலிவான புதிய சீவுளி ஒன்றையும் நான் பயன்படுத்திப் பார்த்தேன். வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான்; ஆனால் சில்லைத் திருப்பினால் அரைச் சுற்றுவரை அலகு அசைவதே இல்லை, பிறகு ஒரேயடியாகப் பாய்கிறது. அலகின் உருக்கும் மென்மையானது என்பதால் கூர் நெடுநேரம் நிற்பதில்லை.

குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த தொண்ணூறுகளின் முற்பகுதியில் அயலவர்களின் கதவு நிலைகளும் கட்டில் சட்டங்களும் இந்தச் சீவுளியால்தான் சீவப்பட்டன என்று அம்மா சொல்லுவார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது கருவிப்பெட்டி வீட்டிலேயே விடப்பட்டது. அலகுகளுக்குக் கிறீஸ் பூசிப் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தமையால் அவை தப்பின. சீவுளியின் உடலோ கடற்காற்றில் செம்பழுப்பாகத் துருவேறிவிட்டது.

துருவைக் கண்டு மனந்தளர வேண்டியதில்லை. இக்கருவியின் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு திருப்புளி கொண்டே கழற்றிவிடலாம். இறுகிப்போன திருகுகளை மண்ணெண்ணெயில் ஊறவிட்டேன். துருவேறிய சிறு பாகங்களை வினாகிரியில் இட்டு, மறுநாள் எடுத்துத் தேய்த்துக் கழுவி, ஈரம் உலர்ந்த கையோடு தையல் மெசின் எண்ணெய் பூசினேன். பித்தளைச் சில்லுக்குப் பழப்புளியே போதுமாயிருந்தது. அடிப்பாகத்தின் குறுக்கே பென்சிலால் கோடுகளைக் கீறி, தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய அரத்தாளில் தேய்த்தேன். முதலில் முன்னும் பின்னும் உள்ள கோடுகள் மறைந்தன, நடுவிலுள்ளவை நின்றன. எல்லாக் கோடுகளும் ஒருசேர மறையும்போதுதான் அடி மட்டமாகியது என்று கொள்ளலாம்.

அலகைத் தீட்ட எடுத்தபோது ஒன்றைக் கவனித்தேன். அதன் விளிம்பு நேர்கோடாக இல்லாமல், நடுவில் மிக மெல்லியதாகப் புடைத்தும் இரு மூலைகளிலும் உள்வாங்கியும் இருந்தது. தேய்மானம் இத்தனை ஒழுங்காக அமையாது. அகலமான பலகையைச் சீவும்போது அலகின் மூலைகள் வரி விழுத்தாதிருக்கும்படி வேண்டுமென்றே அவ்வாறு தீட்டியிருக்கிறார் அம்மப்பா. நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டதால், அவரிடமிருந்து ஒரு நாளும் பாடம் கேட்டதில்லை. இந்த ஒரு பாடம் அலகின் விளிம்பில் எனக்காக நின்றிருந்தது என்றே நினைக்கிறேன். அந்த வளைவை அழிக்காமல் 25 பாகையில் சரிவைச் சீர்செய்து, நுனியை மட்டும் 30 பாகையளவில் எண்ணெய்க்கல்லில் தீட்டினேன். மறுபுறத்தில் விரலை வைத்தால் மெல்லிய பிசிறொன்று முழு அகலத்துக்கும் தட்டுப்பட வேண்டும். அதைக் கல்லில் நீக்கி, பிறகு தோல்வாரில் இழுத்துவிட்டால் அலகு ஆயத்தம்.

முதல் வேலையாக அம்மம்மா தேங்காய் திருவிய திருவலையை எடுத்தேன். பலகை உக்கிப்போயிருந்தது, இரும்பு அலகு நல்ல நிலையில் இருந்தபோதும் பற்கள் மழுங்கியிருந்தன. சுன்னாகம் பக்கத்துக் கம்மாலை ஒன்றில் அதை உலையிலிட்டு நிமிர்த்தி, பற்களை அரத்தால் ஒவ்வொன்றாக வெட்டித் தந்தார்கள். வேலை மிகத் திருத்தமானது. காலபோக விதைப்புக்கு முன்பு மண்வெட்டிகள் குவிந்துவிடும் என்பதால் அக்காலத்தில் மட்டும் காத்திருக்க நேரிடும்.

மரக்காலையில் வாங்கிய வேப்பம் பலகையைத்தான் சீவினேன். வேம்பின் நார் ஒரே திசையில் ஓடாது. ஒரு பட்டை முன்னோக்கியும் அடுத்த பட்டை பின்னோக்கியும் செல்வதால் எந்தப் பக்கத்திலிருந்து சீவினாலும் எங்காவது நார் பிய்ந்தெழும். இதற்கான மருந்து சீவுளிக்குள்ளேயே இருக்கிறது. அலகின் முதுகில் பொருத்தப்படும் வளைதகட்டை அலகின் நுனியிலிருந்து அரை மில்லிமீற்றருக்கும் குறைவான தூரத்தில் நிறுத்தினால், எழும் சீவலை அது உடனே மடித்து உடைத்துவிடும். நார் பலகைக்குள் ஆழமாகப் பிளந்து செல்ல வாய்ப்பில்லை. தகட்டை அவ்வாறு நகர்த்தி, சில்லையும் சற்றுப் பின்னே திருப்பிச் சீவுளியைத் தள்ளியபோது, அதுவரை கரகரத்த ஒலி மாறி ஒரே சீராக இழைந்தது. ஊடாகப் பார்த்தால் வெளிச்சம் தெரியுமளவு மெல்லிய சுருள்கள், அலகு வெளிவரும் சீவுளியின் வாயிலிருந்து எழுந்தன. பலகையை யன்னலோரம் சாய்த்துப் பார்த்தேன். அரத்தாள் தொடாத அந்த முகம் மினுங்கியது.

இதிலுள்ள நிறைவு என்னவென்று பலரும் கேட்கிறார்கள். திருவலை சந்தையில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. ஆனால் மேசையில் இறுக்கிக் கைபிடியைச் சுற்றும் திருவலைகளே இப்போது பெரும்பாலும் கிடைக்கின்றன. இருந்து திருவும் பலகையை அம்மாவின் உயரத்துக்கும் முழங்கால் வலிக்கும் ஏற்ற அளவில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பலகை கரகரத்தால் காரணம் அலகிலோ, தகட்டிலோ, நாரின் திசையிலோ இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தக்கூடிய நிலையில் நானே இருக்கிறேன். வேலையின் எந்தப் படியும் எனக்கு மறைவாக நிகழ்வதில்லை. அம்மப்பா தீட்டிய அலகு சீவிய பலகையும் அம்மம்மா திருவிய இரும்பும் ஒரே பொருளில் சேர்ந்து, இன்று எமது குசினியில் தினமும் வேலை செய்கின்றன. அதைவிடப் பெரிய மகிழ்ச்சியை எந்தப் புதிய பொருளும் எனக்குத் தந்ததில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள இதைக் கொண்டு நீண்ட நேரம் சீவினால் தோள் களைத்துவிடும். உடல் வார்ப்பிரும்பு என்பதால் சீமெந்து நிலத்தில் தவறி விழுந்தால் வெடித்துவிடக்கூடும். ஆகவே மேசை விளிம்பில் ஒருபோதும் வைக்கலாகாது. உப்புக்காற்று வீசும் எமது ஊரில் வேலை முடிந்ததும் எண்ணெய் பூசத் தவறினால் மீண்டும் துரு தலைகாட்டும். பனஞ்சிலாகைக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதன் கரிய வயிர நார்கள் அலகின் கூரை விரைவில் மழுக்கிவிடுகின்றன. ஒரு வீட்டின் கதவுகள் அனைத்தையும் சீவ வேண்டியிருந்தால் மின் சீவுளியே தகுந்தது. சிறு தளபாடங்களைத் தாமே செய்ய விரும்புவோருக்கு, வேறெந்தச் சீவுளியையும் இதற்கு முன்னால் வைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

வீட்டில் இத்தகைய சீவுளி இல்லாதவர்கள் பழைய பொருள் விற்போரிடம் இதை வாங்கலாம். வாயின் இரு ஓரங்களையும் பக்கச் சுவர்களையும் வெயிலில் பிடித்து, வெடிப்பு உள்ளதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுவிடுங்கள். அடுத்து, அலகில் நீள்துளைக்குக் கீழே இன்னும் எவ்வளவு உருக்கு எஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இருந்தால் வீட்டுப் பாவனைக்கு அது நெடுங்காலம் போதும். கைபிடி உடைந்திருப்பது பெரிய குறையன்று, பூவரசந் துண்டொன்றில் புதிதாகச் செதுக்கிக்கொள்ளலாம்.