செகண்ட் ஹேண்ட் டியூக் 390: முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்

2017 முதல் 2023 வரை வந்த இரண்டாம் தலைமுறை கேடிஎம் டியூக் 390, பெங்களூரு பழைய வண்டிச் சந்தையில் பஞ்சமில்லாமல் கிடைக்கிறது. வண்டிக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம். அதை இதுவரை ஓட்டியவருக்கு எத்தனை கொடுப்பது என்பதில்தான் சிக்கல். ஏர்போர்ட் ரோட்டில் விடியற்காலையில் முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் அடித்த வண்டியைக் கழுவி மெழுகு போட்டு நிறுத்தினால், ஒயிட்ஃபீல்டு ஆபீசுக்குப் போய்வந்த வண்டி மாதிரியே சாதுவாக நிற்கும்.

முதலில் வண்டியின் குணம். 373 சிசி ஒற்றை சிலிண்டர், 43.5 குதிரைத்திறன், எடை கிட்டத்தட்ட 170 கிலோ. சக்கரத்துக்குச் சக்கரம் 1,357 மி.மீ. தான். குட்டையான, எடை குறைந்த வண்டியில் இவ்வளவு இழுவை இருப்பதால் முதல் கியரில் முன்பக்கம் இலேசாகிவிடும். இந்தத் தலைமுறையில் டிராக்‌ஷன் கண்ட்ரோலும் (சக்கரம் வழுக்கினால் எஞ்சின் இழுவையைத் தானே குறைக்கும் ஏற்பாடு) கிடையாது. அது 2023 செப்டம்பரில் வந்த 399 சிசி மாடலில்தான் வந்தது, அதிலும் அணைத்துவிடலாம். ஊருக்குள் 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே வண்டி உதறும். சில்க் போர்டு சிக்னலில் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தால் தொடையில் சூடு தெரியும். ஓசூர் ரோடு காலியாகக் கிடைக்கும் நேரத்தில் ஓட்டினால் இந்தக் குறை எதுவும் ஞாபகத்துக்கு வராது.

வீலிங்கில் எஞ்சினுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 390-இல் எண்ணெய் 1.7 லிட்டர்தான். முன்பக்கம் எழும்பினால் அந்த எண்ணெய் எஞ்சினின் பின்பக்கம் சாய்ந்து ஒதுங்கும். பம்ப் உறிஞ்சும் வாயில் எண்ணெய்க்குப் பதில் காற்று ஏறினால் பிரஷர் விழும். சில விநாடி தூக்கி இறக்கினால் பெரிய கேடு வராது. சமநிலையில் நிறுத்தி நூறு மீட்டர் ஓட்டும்போது, அதுவும் லெவல் முன்பே 200, 300 மில்லி குறைவாக இருந்தால், எஞ்சின் வேகமாகச் சுற்றும் நேரத்தில் கனெக்டிங் ராடின் அடிப்பக்கப் பேரிங் எண்ணெய்ப் படலம் இல்லாமல் சுற்றுகிறது. அது தேய்வது வெளியே தெரியாது. பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் ‘டொக் டொக்’ என்று தட்ட ஆரம்பித்து, அடுத்த ஊர் வருவதற்குள் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

கிளட்சின் கதை இன்னும் சீக்கிரம் முடியும். பெரும்பாலான வீலிங் கிளட்சை வெடுக்கென்று விட்டு அடிப்பதுதான். ஒவ்வொரு தடவையும் பிளேட் வழுக்கிச் சூடாகும், அதன் தூள் எண்ணெயில் கலக்கும். அதே அடி செயினுக்கும், ஸ்பிராக்கெட் பல்லுக்கும், பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பருக்கும் போகிறது.

ஓட்டுபவருக்கு உள்ள ஆபத்தும் சாதாரணமில்லை. முன்சக்கரம் மேலே இருக்கும்போது முன் பிரேக்கும் இல்லை, ஹேண்டிலும் இல்லை. சமநிலைப் புள்ளியைத் தாண்டினால் வண்டியைக் கீழே இறக்கிக் காப்பாற்றும் ஒரே பிடி கால் பிரேக். அதில் கால் இல்லாவிட்டால் வண்டி பின்பக்கம் கவிழும், முதலில் தரையைத் தொடுவது இடுப்பும் முதுகெலும்பும். ஆக்சிலேட்டரைப் பட்டென்று மூடினாலும் விடிவில்லை. சக்கரம் தொப்பென்று விழும்போது ஹேண்டில் கொஞ்சம் கோணலாக இருந்தால் கையை உதறிவிட்டு இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ளும்.

இனி வண்டியைப் பார்க்கும் முறை. நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வண்டியை நிமிர்த்தி, எண்ணெய் லெவல் கண்ணாடியில் லெவல் பாருங்கள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தால், எரிந்த கிளட்ச் வாடை தனியாகத் தெரியும்.

அடுத்து பேடாக் ஸ்டாண்டில் முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளுங்கள். நேர்நடுவில் பள்ளத்தில் விழுந்தது போல ஒரு இடத்தில் நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் தண்டின் பேரிங்) அடி வாங்கியிருக்கிறது. முன் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள், ஆட்டம் தெரியக்கூடாது. ஃபோர்க் குழாயில் வளையமாக எண்ணெய்க் கறை இருந்தால் சீல் போய்விட்டது. அந்த எண்ணெய் பிரேக் பேட் வரை இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் நெளிவைக் கவனியுங்கள். ஆனால் ரிம் நெளிந்திருப்பதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நம்ம ஊர்க் குழிகள் வீலிங் தெரியாத ஆளின் ரிம்மையும் நெளிக்கும்.

பொய் சொல்லாத சாட்சிகள் பின்பக்கம் இருக்கின்றன. சாதாரணமாக முன் பேட்தான் முதலில் தேயும். பின் பேட் மெலிந்து, 230 மி.மீ. பின் டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தால் யாரோ கால் பிரேக்கிலேயே வாழ்ந்திருக்கிறார்கள். நம்பர் பிளேட்டின் கீழ் விளிம்பையும் பின் மட்கார்டின் நுனியையும் கீழிருந்து பாருங்கள், தரையில் தேய்ந்த கோடுகள் அங்கேதான் இருக்கும். பளபளவென்று புது டெயில் டைடி (நம்பர் பிளேட்டைத் தாங்கும் குட்டையான பின்பகுதி) போட்டிருந்தால் பழையது எங்கே என்று கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது காலியான நேர்ரோட்டில் ஐந்தாம் கியரில் 50 கி.மீ. வேகத்திலிருந்து முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் பிளேட் காலி. ஏபிஎஸ் விளக்கு ஒருதரம் எரிந்து, சாவியை அணைத்துப் போட்டதும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் கவனம். முன்சக்கரம் நின்று பின்சக்கரம் மட்டும் ஓடினால் சக்கர வேகத்தைப் பார்க்கும் ஏபிஎஸ் சென்சார்களின் கணக்கு உதைக்கும். வீலிங் முடிந்ததும் அந்த விளக்கு எரிவது வழக்கம்.

கடைசிச் சோதனைக்குக் கொஞ்சம் செலவாகும், ஆனால் இதைவிட நல்ல சோதனை இல்லை. எண்ணெய் மாற்றும் செலவை நாமே ஏற்கிறோம் என்று சொல்லி, வடியும் எண்ணெயையும் டிரெயின் போல்ட்டின் காந்தத்தையும் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது இயல்பு. எண்ணெய் ஃபில்டரை அறுத்து, அதன் மடிப்புத் தாளை வெயிலில் விரியுங்கள். கறுப்புத் தூள் நிறைய இருந்தால் கிளட்ச். செம்பு நிறத்திலோ காந்தத்தில் ஒட்டாமலோ மினுங்கும் செதில் இருந்தால் அது பேரிங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். சோதனைக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாதாட வேண்டாம்.

காகிதமும் பார்க்க வேண்டும். பெங்களூரு டிராஃபிக் போலீஸ் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பாக்கி அபராதம் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில், அதாவது ஆபத்தாக ஓட்டியதற்கு, வழக்கு இருந்தால் காரணம் கேளுங்கள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் உள்ள நம் தமிழர்கள் பலர் ஓசூர் உறவினர் மூலம் டிஎன் 70 (ஓசூர் பதிவு) வண்டி மலிவாக வாங்குகிறார்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டுவதாக இருந்தால் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி கர்நாடகப் பதிவுக்கு மாற்ற வேண்டும், ஆயுள்வரியும் கட்ட வேண்டும். அந்தத் தொகையையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பல நேரம் காணாமல் போகும். பதினெட்டு ஆகாத பையனுக்காக வாங்குகிறவர்கள் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவையும் படித்துவிடலாம்: அவன் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து.

விலைப் பேச்சில் ஃபோர்க் சீல், கோன் செட், கிளட்ச் பிளேட், செயின் ஸ்பிராக்கெட் எல்லாம் கழித்துப் பேசக்கூடியவை. உதிரிபாகக் கடைகள் உள்ள ஜேசி ரோட்டில் விலை விசாரித்துவிட்டுப் போனால் பேரத்தில் கை ஓங்கும். நம்பர் பிளேட் விளிம்பு தேய்ந்த வண்டி என்றால் ஃபில்டரை அறுக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பேரிங் செதில் கண்டால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம், அதே வாரத்தில் இன்னொரு 390 விற்பனைக்கு வரும்.