காப்பீட்டு அட்டையோடு தனியார் மருத்துவமனைக்குச் செல்பவர்கள் கவனத்திற்கு

வலங்கைமானுக்கு அப்பால் உள்ள எங்கள் ஊரில், சென்ற ஐப்பசியில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது, நாற்று முடிகளைச் சுமந்துகொண்டு வரப்பில் வந்த என் தாயார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவருக்கு வயது 62. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பலகையை வாசலிலேயே மாட்டியிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு, அந்தப் பலகையை நம்பித்தான் அவரை அழைத்துச் சென்றோம். புகார் விசாரணையில் இருப்பதால் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை.

முதலில் எங்களுக்கு உறைத்தது பணமன்று, பேச்சு. சேர்க்கைக் கவுன்ட்டரில் எங்களுக்கு முன்னால் நின்றவரிடம் "வாங்கம்மா, உட்காருங்க" என்ற அதே இளைஞர், நாங்கள் காப்பீட்டு அட்டையை நீட்டியதும் "கார்டு கேஸா? அந்தப் பக்கம் போய் நில்லு" என்றார். அதன் பிறகு எட்டு நாள்களும் என் தாயாருக்கு அங்கே பெயர் கிடையாது. அவர் "மூணாம் பெட் கார்டு கேஸ்" மட்டுமே. தம் பேரன் வயதுள்ள அந்தப் பையனையும் என் தாயார் கடைசிவரை "நீங்க" என்றே அழைத்தார். நாற்பது ஆண்டுகள் பிறர் வயலில் வேலை செய்தவருக்கு அந்தப் பன்மை பழகிப்போயிருந்தது. எனக்கு அதைக் கேட்கக் கேட்க வயிறு எரிந்தது.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே, ஆள்கள் வந்து போகும் நடைவழியில், ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவரின் புடவையைத் திரைகூட இல்லாமல் விலக்கிப் பரிசோதித்தார்கள். பரிசோதித்தவர் ஆண், என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள். ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது பெண் நோயாளியின் உரிமை என்பதையும், மத்திய சுகாதார அமைச்சகம் 2019ஆம் ஆண்டு மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளர் உரிமைச் சாசனத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் நான் பின்னால்தான் அறிந்தேன். அன்றைக்குத் தெரிந்திருந்தால் நகர்ந்திருக்க மாட்டேன்.

அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாள் மாலை, அட்டையில் வருவது மட்டமான பிளேட் என்றும், வெளிநாட்டுப் பிளேட் வைத்தால்தான் அம்மா மறுபடி நடப்பார் என்றும், அதற்கு 45,000 ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். ரசீது கேட்டதற்கு "நம்பிக்கை இல்லன்னா தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போ" என்றார் கணக்காளர். வலியில் துடிப்பவரை இரவில் எங்கே கொண்டுபோவது என்று, தம்பி மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தருவதற்காகத்தான் அந்தத் திட்டமே இருக்கிறது. அதில் ஏற்றுக்கொண்ட சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியாகக் கை நீட்டக் கூடாது. அதுவும் அந்தப் பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டு கேட்டார்கள்.

அங்கே பணிபுரிந்த ஒரு செவிலியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேதாரண்யம் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கலாம். ஒரு நாள் காலைச் சுற்றில், ஏதோ ஒரு குறிப்பு விடுபட்டுப்போனதற்காக, எல்லா நோயாளிகளும் பார்க்கும்படி மருத்துவர் அவர் மீது கோப்பை வீசி, "மாடு மேய்க்கப் போயிருக்கலாம் நீ" என்றார். அரை மணி நேரம் கழித்து, பெட்பேன் கேட்ட என் தாயாரிடம் அதே செவிலியர் "உனக்கு வேற வேலையே இல்லையா" என்று எரிந்து விழுந்தார். நான் சண்டைக்குப் போக எழுந்தபோது, "விடு பாப்பா, அதுவும் வாங்கித்தானே குடுக்குது" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் பதினொரு ஆண்டுகளாக நிற்கும் எனக்கு அது புரியாததன்று. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் கடைக்கும் ஸ்டூல்கள் வந்தன. வாடிக்கையாளர் இருக்கும்போது இன்றுவரை ஒருவரும் அவற்றில் உட்கார்ந்ததில்லை.

வீடு திரும்பிய பின், சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டோம். டிஸ்சார்ஜ் சம்மரி போதும் என்று மூன்று முறை அலையவிட்டார்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பதைக் குறிப்பிட்டு, எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிய பிறகே தந்தார்கள். பொருத்திய பிளேட்டின் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்டிக்கர் அந்தத் தாள்களில் ஒட்டப்பட்டிருந்தது. அது உள்நாட்டுத் தயாரிப்பு. வெளிநாட்டுப் பிளேட் என்று வாங்கிய 45,000 ரூபாய்க்கு அதில் ஒரு வரியும் இல்லை. ஆகவே யாருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தாலும் இந்த ஸ்டிக்கரை மறக்காமல் கேட்டுப் பாருங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பணம் கேட்ட அந்த நிமிடமே, திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணான 1800 425 3993ஐ அழையுங்கள். நாங்கள் மூன்று வாரம் தாமதித்தது பெரிய தவறு.

மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் மனு அனுப்பிய பிறகு, மருத்துவமனையிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து, முதல் முறையாக என் தாயாரை "அம்மா" என்று அழைத்து, 30,000 ரூபாயையும் "எந்தப் புகாரும் இல்லை" என்று எழுதிய ஒரு தாளையும் நீட்டினார். அம்மா இரண்டையும் தொடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருப்பதால், அதற்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

மனுவில் மருத்துவர், கணக்காளர், கவுன்ட்டர் இளைஞர் ஆகிய மூவரையும் குறிப்பிட்டிருக்கிறேன். அந்தச் செவிலியரின் பெயரை மட்டும் அம்மா எழுத விடவில்லை.