டைனமோ போனால் எது நல்லது: பழசைச் சரிசெய்வதா, ரீகண்டிஷனா, புதுசா?

போன ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்துகொண்டிருந்தேன். வில்லுக்குறி தாண்டியதும் வைப்பர் சோர்ந்தது, ஹெட்லைட் மஞ்சளாக மங்கியது, மீட்டரில் சிவப்பாகப் பேட்டரி படம் எரிந்தது. ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியில் மிச்சமிருந்த சார்ஜிலேயே பார்வதிபுரம் வரை வந்து சேர்ந்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்தான் போயிருந்தது. நம்மூர்ப் பட்டறைகளில் அதற்கு டைனமோ என்றுதான் பெயர். நானும் அப்படியே சொல்கிறேன்.

எதையும் வாங்கும் முன் ஒரு மல்ட்டிமீட்டர் வையுங்கள். வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஹெட்லைட், புளோயர் போட்டும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஏறவே இல்லை என்றால் உடனே டைனமோ மேல் பழி போடாதீர்கள். முதலில் பெல்ட்டைப் பாருங்கள். அப்புறம் டைனமோவின் பின்னால் இருக்கும் தடித்த வயரின் முனைக்கும் பேட்டரி பிளஸுக்கும் இடையே, இன்ஜின் ஓடும்போது லைட்டைப் போட்டு அளந்து பாருங்கள். அரை வோல்ட் காட்டினால் தப்பு வயரில்தான். குளச்சல், முட்டம் பக்கம் வீடு உள்ளவர்கள் இதை விடவே கூடாது. உப்புக்காற்றில் அந்த முனை பச்சைப் பூத்துக் கிடக்கும். கம்பி பிரஷால் தேய்த்து இறுக்கியதுமே சரியான வண்டிகள் உண்டு.

ஓடும் வண்டியில் பேட்டரி முனையைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். வோல்டேஜ் சட்டென்று எகிறி, வண்டியின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மைக் கெடுத்துவிடும்.

சரி, டைனமோவேதான் தப்பு என்று உறுதியாகிவிட்டது. இனி மூன்று வழி.

என் முதல் ஓட்டு பழசைச் சரிசெய்வதற்கே. பெரும்பாலும் தேய்வது, உள்ளே சுழலும் பகுதிக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன்; அல்லது கெடுவது, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். என் டைனமோவைப் பிரித்தபோது ஒரு கார்பன் ஒழுங்காக நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று கூட்டுக்குள்ளேயே ஒடுங்கிப் போய், அந்த இடமெல்லாம் கறுப்பு மாவு. கார்பன் உரசும் வளையமான ஸ்லிப் ரிங்கில் பள்ளம் விழவில்லை என்பதால் கார்பனும் பேரிங்கும் மட்டும் மாற்றினோம். வண்டியோடு வந்த உடல் அப்படியே இருப்பதால் புல்லியும் பிளக்கும் பொருந்துமா என்ற கவலையே இல்லை.

ரீகண்டிஷன், அதாவது வேறு வண்டியின் பழைய டைனமோவைச் சீராக்கி விற்பது, எனக்கு ஒப்பவில்லை. வெளியே வெள்ளிப் பெயின்ட் பளபளக்கும், உள்ளே எந்த டயோடு, எந்த பேரிங் என்று யாருக்கும் தெரியாது. அவசரத்துக்கு வாங்கத்தான் வேண்டுமென்றால், கடையிலேயே பெஞ்சில் ஓட்டி லோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று (காயில்) கருகி வாடை அடித்தாலோ, ஸ்லிப் ரிங் தேய்ந்து குழிந்திருந்தாலோ புதுசுதான். லூக்காஸ் டிவிஎஸ், பாஷ் போன்றவை கிடைக்கும். ஆம்பியர் அளவு பழசில் எழுதியிருப்பதற்குக் குறையக் கூடாது; புல்லியில் பெல்ட் உட்காரும் வரிகளையும் எண்ணிப் பாருங்கள். விலை அதிகம்தான். ஆனால் ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு பருவமழையும் நனைக்கும் இந்த மாவட்டத்தில், தினம் ராத்திரி ஓடுகிறவருக்கு அது வீண் செலவில்லை.

எந்த வழியானாலும் கழற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். பேட்டரி மைனஸை முதலில் எடுங்கள். பின்னால் இருக்கும் தடித்த வயரில் எப்போதும் கரன்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். பெல்ட் போகும் வழியை போனில் படம் எடுத்துவிட்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்துங்கள். வயரையும் பிளக்கையும் உருவிவிட்டு போல்ட்களைக் கழற்றினால் கையில் வந்துவிடும். டைனமோவை மட்டும் பையில் போட்டு எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனால் கூலியில் பாதி மிச்சம்.

இரண்டு வகை வண்டிக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தாது. சில புது வண்டிகளில் சார்ஜை ஈசிஎம்மே கூட்டிக் குறைக்கும், அங்கே 12.8 காட்டினால் அது கெட்டதாக அர்த்தமில்லை, ஸ்கேனர் வைத்துத்தான் சொல்ல முடியும். மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் மாதிரி வண்டிகளில் டைனமோவே இன்ஜினை ஸ்டார்ட்டும் செய்யும். அதை வீட்டில் தொட வேண்டாம்.