பயிற்சி மதிப்பெண் பதிவுக்கு கூகுள் ஃபார்ம்ஸா, மூடுலா?

கப்பலூர் தொழிற்பேட்டையில் முப்பது பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு கூகுள் ஃபார்ம்ஸ் தாராளம். செலவில்லை, மதிப்பெண் தானாகவே ஷீட்டில் வந்து விழும். சிக்கல் பெயரில்தான். ஒரே ஆள் ஒருமுறை ‘முருகேசன்’, மறுமுறை ‘எம்.முருகேசன்’ என்று எழுதினால் கணக்கு இரண்டாகிவிடும். பெயரை விடுத்துப் பணியாளர் எண்ணைக் கேளுங்கள்.

மூன்று ஷிப்டும் ஓடும் மில் என்றால் மூடுல் (Moodle) என்ற இணையவழிப் பயிற்சி மென்பொருள்தான் சரி. யார் பாடத்தைத் திறந்தார், எத்தனையாவது முயற்சியில் தேறினார் என்பதெல்லாம் அதில் நிற்கும். உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் கட்டாயம் வேண்டும். பெயர்ப் பட்டியலை சிஎஸ்வி (CSV) என்ற எளிய அட்டவணைக் கோப்பாக ஏற்றி எல்லோரையும் ஒரே தடவையில் சேர்க்கலாம். பலருக்கு மின்னஞ்சல் இருக்காது. ஒரே மின்னஞ்சலில் பல கணக்குகளை அனுமதிக்கும் அமைப்பை இயக்குங்கள். கடவுச்சொல் மறந்தால் மனிதவளப் பிரிவுதான் மாற்றித் தர வேண்டியிருக்கும்.

மூடுலின் பின்னணிப் பணிகளை சர்வரில் தானாக ஓட்டும் கிரான் (cron) வேலை நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். நின்றுபோனால், தேறியவரையும் அறிக்கை ‘முடிக்கவில்லை’ என்றே காட்டும். பாவம், அவர் மறுபடி உட்கார வேண்டிவரும். ஸ்கார்ம் 1.2 (SCORM, மின்பாடங்களுக்கான ஒரு தரநிலை) வடிவில் பாடம் வாங்கினால் நீளத்தைப் பாருங்கள்: விட்ட இடத்தைக் குறித்துவைக்க அதில் 4,096 எழுத்துகளுக்கே இடம். பெரிய பாடத்தைத் துண்டாக்கிப் போடுங்கள்.