கோத்தகிரி இறக்கத்துல ரெண்டு மழைக்காலம்: ஷிமானோ எம்டி200 டிஸ்க் பிரேக் அனுபவம்

அரவேணுல வீடு, கோத்தகிரி டவுன்ல வேலை. காலைல ஏத்தம், சாயங்காலம் இறக்கம், தினம் அதே ரோடு, வருஷத்துல பாதி நாள் மிஸ்ட்டு இல்லைன்னா மழை. இது போக வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ கேரியர்ல ரெண்டு பையையும் கட்டிக்கிட்டு மேட்டுப்பாளையம் இறங்கி, சத்தி பண்ணாரி வழியா திம்பம் ஏறி மைசூர் பக்கமோ, இல்ல ஊட்டி வழியா கூடலூர் பக்கமோ நாலஞ்சு நாள் போயிட்டு வருவேன். நம்ம மலையில சைக்கிள் வாங்குறவங்க என்கிட்ட வந்து முதல்ல கேக்குறது "எத்தன கியருங்க இது?"னு தான். பிரேக்க பத்தி இதுவரைக்கும் ஒருத்தர் கூட கேட்டதில்ல. அதனாலதான் பிரேக்குக்குன்னே தனியா இவ்ளோ நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல நான் ஏன் பிரேக்க மாத்துனேன்னு சொல்லிடறேன். முன்னாடி இருந்தது கேபிள்ல இழுக்குற சாதா டிஸ்க் பிரேக்கு. பேடு, அதாவது டிஸ்க்க ரெண்டு பக்கமும் அழுத்தி பிடிக்கிற சின்ன கட்டை, தேஞ்சு போச்சுன்னு ஒரு கடையில பேரே இல்லாத ஒரு ஜோடிய குடுத்தாங்க, விலை ரொம்ப கம்மி, நானும் பாக்காம போட்டுட்டேன். ஜூலை மாசம், பலாப்பழ சீசன். இந்த ரோட்ல ஓட்டுறவங்களுக்கு தெரியும், பலா பழுத்துட்டா மாமரம், முள்ளூர், குஞ்சப்பனை பக்கமெல்லாம் யானை ரோட்டுக்கே வந்துரும். பையோட இறங்கிட்டு இருக்கேன், குஞ்சப்பனைக்கு கொஞ்சம் மேல எதிர்ல ஏறி வந்த லாரிக்கார அண்ணன் லைட்ட அடிச்சு கைய காட்டுறாரு, நிறுத்து நிறுத்துன்னு. லீவர பிடிக்கிறேன், லீவர் நேரா ஹேண்டில்பார்ல வந்து ஒட்டுது. கருகுன வாசம், இரும்பு இரும்போட உரசுற சத்தம், வேகம் மட்டும் குறையவே இல்ல. மலைப்பக்கம் இருக்கற மண்ணுல வண்டிய விட்டு, செருப்பு தேய ரெண்டு காலையும் ஊனி, ஓடைக்குள்ள இறங்கித்தான் நிப்பாட்டுனேன். அடுத்த வளைவுக்கு அந்தாண்ட ஒரு தாயும் குட்டியும் ரோட்டுலயே நின்னுட்டு இருந்துச்சுன்னு அந்த அண்ணன் இறங்கி வந்து சொன்னாரு. கை நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு. அப்புறம் சக்கரத்த கழட்டி பாத்தா ஒரு பேடுல லைனிங்கே இல்ல, தகட்டுல இருந்து முழுசா பேந்து எங்கயோ விழுந்திருக்கு. வெறும் தகடுதான் ரோட்டார்ல, அதாவது சக்கரத்தோட சுத்துற அந்த டிஸ்க்குல, உரசிக்கிட்டு வந்திருக்கு.

ஏன் இப்படி ஆகுதுன்னு கணக்கு போட்டு பாத்தேன். நான் 70 கிலோ, சைக்கிளும் பையும் 25 கிலோ. இந்த 95 கிலோவ கோத்தகிரியோட சுமார் 1,800 மீட்டர் உயரத்துல இருந்து மேட்டுப்பாளையத்தோட 330 மீட்டருக்கு, 33 கி.மீ. ரோட்ல இறக்குறோம். அந்த இறக்கத்துல வெளிய வர சக்தி 13 லட்சம் ஜூலுக்கும் மேல. நாலு லிட்டர் பச்சத்தண்ணிய கொதி வர வரைக்கும் காய்ச்சுற சூடுங்க அது. ஒரு பங்கு காத்துல போயிரும், மெதுவா பிரேக்க பிடிச்சுக்கிட்டே வந்தா மிச்சம் அத்தனையும் அந்த ரெண்டு சின்ன ரோட்டார்லயும் கட்ட விரல் அகல பேடுலயும்தான் இறங்கணும். சமதரை ஊர்ல எவ்ளோ தூரம் ஓட்டுனாலும் பேடு ஒரே மூச்சுல இவ்ளோ சூடாகாது. கோயமுத்தூர்ல இருக்கறவங்க "நல்லாத்தான இருக்கு"ன்னு சொல்ற பார்ட்ட நம்பி நாம வாங்க முடியாதுன்னு சொல்றது இதுக்குத்தான்.

சரி, எம்டி200க்கு வரேன். கேபிளுக்கு பதிலா ஆயில் அழுத்தத்துல வேலை செய்யற ஷிமானோ ஹைட்ராலிக் டிஸ்க்ல இது கீழ்வரிசை மாடல், நிறைய புது சைக்கிள்ல கம்பெனியிலயே போட்டு வருது, தனியாவும் கிடைக்கும். முன்னாடி 180 மில்லிமீட்டர், பின்னாடி 160 மில்லிமீட்டர் ரோட்டார் போட்டேன். 180 போடணும்னா அதுக்கான அடாப்டர் வேணும், அத விட முக்கியம் முன் சக்கரத்த பிடிச்சிருக்கற உங்க ஃபோர்க்கு 180 தாங்கும்னு ஃபோர்க் கம்பெனி சொல்லியிருக்கணும், சும்மா பொருந்துதேன்னு மாட்டிடாதீங்க. பெரிய ரோட்டார்னா அதே விரல் பலத்துக்கு பிடிமானம் ஜாஸ்தி, சூடு பரவ இடமும் ஜாஸ்தி. முதல் நாள் சாயங்காலம் அரவேணு இறங்கும்போதே வித்தியாசம் தெரிஞ்சுது, முன்னாடியெல்லாம் நாலு விரலும் போட்டு அழுத்தி வீட்டுக்கு வந்து சேரும்போது உள்ளங்கை மரத்துப் போயிருக்கும், இப்போ ஒரு விரல் போதும், ஜனவரி குளிர்ல விரல் விறைச்சு போயிருக்கும்போது கூட அந்த ஒரு விரல் போதும். இதுக்காகவே குடுத்த காசு செரிச்சிருச்சு.

புது பேடு, புது ரோட்டார் போட்டா உடனே இறக்கத்துக்கு போகாதீங்க. கொஞ்சம் சமமான இடத்துல 20 கி.மீ. வேகத்துக்கு வந்து, முழுசா நிக்காம நடக்குற வேகம் வர வரைக்கும் பிடிச்சு விடுங்க, இருபது தடவையாவது. அப்பத்தான் பேடோட பொருள் ரோட்டார் மேல ஒரே சீரா படியும். இத பண்ணாம நேரா மலை இறங்கி பேடு கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆகி கத்த ஆரம்பிச்சதும் பிரேக்கே சரியில்லன்னு பழி போடறவங்க நிறைய பேரு.

பேடு ரெண்டு வகை. ரெசின், மெட்டல். ரெசின் சத்தம் போடாது, தொட்டதும் பிடிக்கும், ஆனா மழையும் மண்ணும் சேந்தா சீக்கிரம் தேயும், எந்த கம்பெனி ரெசினா இருந்தாலும் அதோட குணம் அது. மெட்டல் சூடு தாங்கும், ரொம்ப நாள் உழைக்கும், ஈரத்துல கத்தும். அப்போ மலைக்கு மெட்டல் தானேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா உங்க ரோட்டார கையில எடுத்து பாருங்க, விலை கம்மியான ரோட்டார்ல "ரெசின் பேடு மட்டும்"னு இங்கிலீஷ்ல பொறிச்சிருப்பாங்க. அதுல மெட்டல் போட்டா ரோட்டார அறுத்து தின்னுரும். மெட்டல் வேணும்னா ஆர்டி66 மாதிரி ரெண்டுக்கும் சேர்ற ரோட்டார் வேணும், பேடு உக்கார்ற காலிப்பருக்கும் அது ஒத்துக்கணும். எம்டி200 ரெசினோட வர செட்டு, நான் ரெசினோடயே ஓட்டுறேன், ஒரு ஜோடி எப்பவும் பையில ஸ்பேர் வச்சிருக்கேன். ஜோடி விலை ரெண்டு பேரு ஓட்டல்ல நல்லா சாப்டற காசுதான். உயிருக்கு அது பெரிய காசு இல்ல.

ஹைட்ராலிக்ல ஒரு விஷயம் கட்டாயம் தெரிஞ்சிக்கணும். கேபிள் பிரேக்கு பேடு தேயத் தேய லீவர் கீழ இறங்கி உங்களுக்கு சொல்லிடும், நீங்க ஸ்க்ரூவ திருகி சரி பண்ணுவீங்க. ஹைட்ராலிக் அப்படி சொல்லாது, பேட தள்ளுற பிஸ்டன் தானா கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்து இடைவெளிய அடைச்சிக்கும், லீவர் கடைசி வரைக்கும் கெட்டியாவே இருக்கும். அதனால கண்ணால பாக்கணும். ஞாயித்துக்கிழமை சைக்கிள் தொடைக்கும்போது டார்ச் அடிச்சு காலிப்பருக்குள்ள பாத்துருவேன், லைனிங் 0.5 மில்லிமீட்டர் வந்துட்டா மாத்திரணும்னு ஷிமானோவே சொல்லியிருக்கு. நான் 1 மில்லிமீட்டர்லயே மாத்திருவேன், ஏன்னா எங்க பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை தான் ஜாஸ்தி, ரோடெல்லாம் செம்மண்ணு தண்ணியா ஓடும், அந்த அரை மில்லிமீட்டர் ஒரே மேட்டுப்பாளையம் இறக்கத்துல காணாம போனாலும் போகும்.

மாத்துறது வீட்லயே பண்ணலாம். சக்கரத்த கழட்டுங்க, காலிப்பர்ல ஒரு சின்ன கம்பி பின்னு நுனி வளைஞ்சு நிக்கும், அத மூக்கு பிளையர்ல நிமித்தி உருவுங்க. ஆனா பேட வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி, தேஞ்ச பேடு உள்ள இருக்கும்போதே நடுவுல பிளாஸ்டிக் டயர் லீவர விட்டு மெதுவா அகட்டுங்க, ரெண்டு பிஸ்டனும் சத்தமில்லாம உள்ள போயிரும், ஸ்க்ரூ டிரைவர வச்சு பிஸ்டன நெம்பி உடைச்சுக்காதீங்க. அப்புறம் ரெண்டு பேடும் நடுவுல இருக்கற மெல்லிசு ஸ்பிரிங்கும் ஒண்ணா வெளிய வரும். புது பேட ஓரத்துல மட்டும் பிடிங்க, முகத்துல விரல் எண்ணெ படக்கூடாது. ஸ்பிரிங்கோட சேத்து உள்ள தள்ளி, பின்ன போட்டு நுனிய வளைங்க, சக்கரத்த மாட்டிட்டு லீவர ஆறேழு தடவ அழுத்துங்க, கெட்டியாகுற வரைக்கும். முதல் தடவ எனக்கு முக்கா மணி நேரம் ஆச்சு, இப்போ ஒரு பக்கத்துக்கு பத்து நிமிஷம். சக்கரம் வெளிய இருக்கும்போது மட்டும் குழந்தைங்க யாரும் லீவர பிடிச்சிடாம பாத்துக்கோங்க, பிஸ்டன் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

செயினுக்கு ஸ்பிரே எண்ணெ அடிக்கிறவங்க கவனம். அந்த தூறல் பின் ரோட்டார்ல பட்டா பிரேக்கு போச்சு, பேடு உறிஞ்சிக்கும், அப்புறம் அத தூக்கித்தான் போடணும். நான் சொட்டு பாட்டில்ல லிங்க்குக்கு ஒரு சொட்டா விட்டு துணியால தொடச்சிருவேன். ரோட்டார தொடைக்க மருந்துக்கடை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும், வேற ஸ்பிரே எதுவும் வேண்டாம்.

டூருக்கு ஹைட்ராலிக் சரி வருமான்னு நிறைய பேரு கேக்குறாங்க. கேபிள் அறுந்தா எந்த ஊர்லயும் ஒரு கேபிள் வாங்கி மாட்டிக்கலாம், ஆயில் போற ஹோஸ் வெட்டுப்பட்டா நடுக்காட்டுல ஒண்ணும் பண்ண முடியாது, அது உண்மை. அதனால ஹோஸ் ஹேண்டில்பார் திரும்புற இடத்துலயும் பை உரசுற இடத்துலயும் சிக்காம கட்டி வச்சிருக்கேன், ரெண்டு மழைக்காலத்துல ஒரு சொட்டு கசியல. இதுல போறது மினரல் ஆயில், அது தண்ணிய உறிஞ்சாது, டாட் ஃப்ளூயிட்னு பைக்குக்கு போடறத ஆத்திர அவசரத்துக்கு கூட ஊத்திடாதீங்க, உள்ள இருக்கற ரப்பர் சீலெல்லாம் ஊதி போயிரும். இன்னொண்ணு, திரும்பி வரும்போது பஸ் டிக்கில சைக்கிள படுக்க போட்டு வந்தா லீவர் கொஞ்சம் ரப்பர் மாதிரி அமுங்கும், உள்ள இருக்கற காத்துக்குமிழி லைனுக்குள்ள நகந்திருக்கும். சைக்கிள நிமித்தி நிறுத்தி கொஞ்ச நேரம் லீவர அழுத்தி அழுத்தி விட்டா எனக்கு எப்பவும் சரியாயிருது. அப்படியும் கெட்டியாகலைன்னா ப்ளீட் பண்ணாம, அதாவது லைன்ல இருக்கற காத்த வெளியேத்தாம, இறக்கத்துக்கு போகக்கூடாது.

இறங்குற முறையும் சொல்லணும். முழு இறக்கமும் லேசா பிடிச்சுக்கிட்டே வந்தா பேடுக்கு மூச்சு விட நேரமே இல்ல. நேர் ரோட்ல விட்டுட்டு, வளைவுக்கு முன்னாடி முன்னையும் பின்னையும் சேத்து நல்லா பிடிச்சு வேகத்த குறைச்சு, விட்டுட்டு திரும்புங்க. நடுவுல ஒரு டீக்கடைல நிறுத்துங்க. நிறுத்துனதும் ரோட்டார தொடாதீங்க, தோல் ஒட்டிக்கும். சீக்கிரம் ஆறட்டும்னு தண்ணியும் ஊத்தாதீங்க, தகடு நெளிஞ்சிரும்.

கியர பத்தி கேக்குறவங்களுக்கு சுருக்கமா. பல் கணக்குல முன்னாடி 44-32-22, பின்னாடி 11-34, ஒன்பது ஸ்பீடு. 22க்கு 34 போட்டா பெடலோட ஒரு முழு சுத்துக்கு சைக்கிள் ஒண்ணரை மீட்டர் கூட நகராது, பையோட திம்பத்தோட 27 கொண்டை ஊசியையும் உக்காந்தே ஏத்திருது. ரோடு பைக்குல வர 34க்கு 28ல ஒரு சுத்துக்கு ரெண்டரை மீட்டர், சுமையோட நம்ம மலைக்கு முட்டிதான் போகும். செயின் தேய்மானம் பாக்க கருவியே வேண்டாம், ஒரு இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னோட நடுவுல பூஜ்யத்த வச்சா 12 இன்ச்ல இன்னொரு பின்னோட நடு சரியா வரணும், 1/16 இன்ச் தள்ளியிருந்தா செயின மாத்துங்க, 1/8 வரைக்கும் விட்டுட்டா பின்னாடி பல்சக்கர செட்டு, அதான் கேசட்டு, அதுவும் சேந்து போயிருக்கும். டயர் ஷ்வால்பே மரத்தான், உண்ணிமுள்ளு கிடக்குற ரோட்லயும் எனக்கு ஒத்து வருது, அத பத்தி வேற ஒரு நாள் எழுதுறேன்.

யாருக்கு வாங்கலாம்னா, மலையில தினம் ஓட்டுறவங்க, கேபிள் டிஸ்க்ல கை வலி எடுக்கறவங்க, ஃப்ரேமும் ஃபோர்க்கும் டிஸ்க்குக்கு செஞ்சதா இருக்கறவங்க யோசிக்காம வாங்கலாம். ரிம்ம பிடிக்கிற வி-பிரேக்குக்கான ஃப்ரேம் வச்சிருக்கறவங்க இதுக்காக ஃப்ரேம மாத்த வேண்டாம், நல்ல பிரேக் கட்டையா பாத்து போட்டு மழைக்கு அப்புறம் ரிம்முல மண்ண தொடச்சாலே நல்லா ஓடும்.

போன வாரம் வெர்னியர் வச்சு ரோட்டார அளந்து பாத்தேன். புதுசுல 1.8 மில்லிமீட்டர், இப்போ பின்னாடி 1.6 வந்திருக்கு, 1.5ல மாத்தணும். முன்னாடி இன்னும் 1.7 இருக்கு. பின் ரோட்டார் ஒண்ணு ஆர்டர் போட்டாச்சு, ஐப்பசி பிறக்கறதுக்குள்ள மாட்டிருவேன்.