வில்லா, கிராஸ்போவா, ரைபிளா: விஸ்கான்சினில் முதல் மான் வேட்டைக்கு எது சரி?

ஆகஸ்ட் பிறந்தால் போதும், நண்பர்களில் யாராவது ஒருவர் போன் போட்டுவிடுவார். "இந்த வருஷம் நானும் மான் வேட்டைக்கு வரலாம்னு இருக்கேன், எந்த லைசென்ஸ் வாங்கணும்?" அமெரிக்காவில் இந்த விஸ்கான்சின் மாநிலத்தில் நம் ஆட்கள் காட்டுக்குப் போவது குறைவுதான், ஆனாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேர் புதிதாகச் சேர்கிறார்கள். நான் வில், கிராஸ்போ (விசையை அழுத்தி அம்பு விடும் குறுக்கு வில்), ரைபிள், மஸில்லோடர் (வாய்வழியாக மருந்து திணிக்கும் துப்பாக்கி) என்று நாலோடும் மரத்துப் பரணில் உட்கார்ந்திருக்கிறேன். போனில் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் சொல்வதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை சிறைக்குப் போகும் குற்றம். அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இங்கே வேட்டைக்கான ஆரஞ்சு சட்டை போட்ட குடும்பங்கள் விடிகாலை பெட்ரோல் பங்கில் காபி வாங்கிக்கொண்டு நிற்பது முதலில் உறுத்தத்தான் செய்யும். எனக்கும் உறுத்தியது. ஆனால் இந்த மாநிலத்தில் வெள்ளைவால் மான்கள் 15 லட்சத்துக்கும் மேல். ஓநாய்கள் பெரும்பாலும் வடக்குக் காடுகளோடு நின்றுவிடுகின்றன. மான் மீது வண்டி மோதும் விபத்து மட்டும் வருடத்துக்கு 15,000 தாண்டுகிறது. எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் வேலையை அரசு வேட்டைக்காரர்கள் கையில்தான் கொடுத்திருக்கிறது, எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) எத்தனை பெண்மான் சுடலாம் என்பது வரை கணக்குப் போட்டுத்தான் டேக், அதாவது ஒரு மானுக்கு ஒன்று என்ற அனுமதிச் சீட்டு, தருகிறார்கள். ஆக, இங்கே சட்டத்தை மதித்துப் போகிற வேட்டைக்காரர் காட்டுக்கு எதிரி இல்லை.

சரி, கேள்விக்கு வருவோம். என் பதில்: முதல் வருடம் ரைபிள். அனுபவமுள்ள ஒருவரோடு, நவம்பரின் அந்த ஒன்பது நாள். வில்தான் அழகு என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, எனக்கும் வில்தான் பிடிக்கும். ஆனால் முதல் வருடம் வேண்டாம்.

காரணம் என் இரண்டாவது வருடத்தில் நடந்தது. செப்டம்பர் கடைசி, சாயங்காலம், சோளக்காட்டு ஓரத்தில் பரண். 25 கெஜத்தில் ஒரு பெண்மான் பக்கவாட்டில் நின்றது. கோடை முழுக்க வீட்டுப் பின்பக்கம் தினம் முப்பது அம்பு விட்டுப் பழகியிருந்தேன், அந்தத் தூரத்தில் ஒரு டிபன் தட்டு அளவுக்குள் பத்துக்குப் பத்து விழும். இழுத்தேன், விட்டேன். நாண் அதிர்ந்த சத்தத்துக்கு மான் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டது. அம்பு நெஞ்சுக்குப் பதில் வயிற்றில் போய்விட்டது. இறங்கிப்போய் மண்ணில் குத்தி நின்ற அம்பை எடுத்துப் பார்த்தால், இறகில் பச்சையும் பழுப்புமாய் ஒரு பிசுபிசுப்பு, அசைபோட்ட புல்லின் புளித்த நாற்றம். நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் இளஞ்சிவப்பாக, சின்னச் சின்ன நுரைக்குமிழியோடு இருக்கும். இது குடல். குடலில் பட்டால் குறைந்தது ஆறு மணி நேரம், முடிந்தால் எட்டு, அசையாமல் காத்திருக்க வேண்டும், மான் பக்கத்திலேயே படுத்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். இருட்டுகிறதே என்ற பதற்றத்தில் ஒரு மணி நேரத்திலேயே தேடக் கிளம்பிவிட்டேன். படுத்திருந்த மான் எழுந்து ஓடிவிட்டது. மறுநாள் மதியம்தான் கிடைத்தது, வெயிலில் இறைச்சி கெட்டுப்போயிருந்தது. ஒரு உயிர் ஒரு ராத்திரி முழுக்க வலித்துச் செத்தது, யாருக்கும் ஒரு வாய்ச் சோறாகவும் ஆகவில்லை. அன்றிலிருந்து எந்த ஆயுதத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: புதியவர் கையில் எது மானைச் சட்டென்று சாய்க்கும்?

இதில் கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. கப்பி வைத்த நவீன வில்லான காம்பவுண்ட் வில்லின் அம்பு நொடிக்குச் சுமார் 280 அடி போகும். சத்தம் 1,100 அடி. 25 கெஜம் என்றால் 75 அடி, நாண் சத்தம் மானின் காதுக்கு எட்டியபிறகு அம்பு வந்து சேர இன்னும் ஏறத்தாழ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பாக்கி. பயந்த மானுக்கு உடம்பைத் தாழ்த்தித் துள்ளத் தயாராக அதுவே போதும். கிராஸ்போ நொடிக்கு 400 அடிக்குப் பக்கம் போகும், இடைவெளி குறைகிறது, ஆனால் மறைந்துவிடவில்லை, சத்தமும் வில்லைவிடக் கூடுதல். ரைபிள் குண்டு 2,800 அடிக்குப் பக்கம். மான் வெடிச்சத்தத்தைக் கேட்பதற்கு முன்பே குண்டு பட்டுவிடும். அம்பு ரத்தப்போக்கால் கொல்கிறது, சரியான இடத்தில் பட்டாலும் மான் நூறு கெஜம்வரை ஓடித்தான் விழும். ரைபிள் குண்டு நெஞ்சில் பட்டால் பல நேரம் நின்ற இடத்திலேயே கதை முடிந்துவிடும்.

காலண்டரில் பார்த்தால் வில்லுக்குத்தான் ராஜயோகம். 2024-ஐ எடுத்துக்கொண்டால், வில்லுக்கும் கிராஸ்போவுக்கும் செப்டம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை, கிட்டத்தட்ட நாலு மாதம். ரைபிளின் முக்கிய சீசன் நவம்பர் 23 முதல் டிசம்பர் 1 வரை, ஒன்பதே நாள். அடுத்த நாளே மஸில்லோடர் தொடங்கி டிசம்பர் 11 வரை பத்து நாள். தேதி வருடா வருடம் நகரும், ஆனால் ரைபிள் சீசன் நவம்பர் கடைசியில் வரும் தேங்ஸ்கிவிங் விழாவுக்கு முந்தின சனிக்கிழமை திறக்கும் என்பது மாறாது. இணை சேரும் பருவம் உச்சத்தில் இருப்பது நவம்பர் முதல் பாதியில். அப்போதுதான் ராத்திரியில் மட்டுமே நடமாடும் பெரிய கொம்பன்கூட (கொம்புள்ள ஆண்மான்) பட்டப்பகலில் பெண்மானைத் துரத்திக்கொண்டு பரணுக்குக் கீழே வரும். அந்த நாட்கள் முழுக்க முழுக்க வில்லுக்கும் கிராஸ்போவுக்கும்தான். ரைபிள்காரர் வரும்போது கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கிற நேரம்.

அப்புறம் அந்த அமைதி. அக்டோபரில் ஓக் இலை காய்ந்து விழுகிற காட்டில், ஆரஞ்சு சட்டைகூட இல்லாமல், பறவைகள் நம்மை மறந்துபோகும் அளவுக்கு அசையாமல் மூன்று மணி நேரம் உட்காருவதை எனக்கு எழுத்தில் கொண்டுவரத் தெரியவில்லை. ஒரு மான் பத்து கெஜத்தில் நின்று மூக்கு ஈரத்தை நக்குவதைப் பார்த்திருக்கிறேன். ரைபிளில் அந்த நெருக்கம் அபூர்வம்.

ஆனால் இறைச்சிக்காகப் போகிறவர் வெயிலை யோசிக்க வேண்டும். செப்டம்பரில் 25 டிகிரி அடிக்கும். மான் விழுந்த கையோடு குடலெடுத்து, உள்ளே ஐஸ் பை திணித்து, அன்றைக்கே தோலுரித்துக் குளிரூட்டாவிட்டால் தொடையெலும்பைச் சுற்றிய கறிதான் முதலில் கெடும். நவம்பர் கடைசியில் உறைபனி நிலைக்குப் பக்கத்தில் இருக்கும், கேரேஜ் உத்தரத்தில் ரெண்டு நாள் தொங்கவிட்டு நிதானமாக அறுக்கலாம். முதல்முறை கத்தி பிடிக்கிறவருக்கு அந்த நிதானம் பெரிய உதவி. மான்கறியில் கொழுப்பு ரொம்பக் குறைவு என்பதால் அவசரத்தில் சவ்வை விட்டுவிட்டால் சமைக்கும்போது ரப்பர் மாதிரி இழுக்கும். சவ்வெல்லாம் உரித்த தொடைக்கறியை நல்லெண்ணெயில் மிளகு தூக்கலாகப் போட்டுச் சுக்கா செய்து பாருங்கள், ஆட்டுக்கறி பக்கம் கொஞ்ச நாள் போகமாட்டீர்கள்.

கிராஸ்போவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் பாதிப்பேர் மனசு அதில்தான் இருக்கிறது. விஸ்கான்சினில் 2014-இல்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இன்றைக்கு அதில் விழும் மான்களின் எண்ணிக்கை சாதாரண வில்லைத் தாண்டிவிட்டது. முன்கூட்டியே இழுத்துப் பூட்டி வைக்கலாம், ஸ்கோப் வைக்கலாம், மான் பார்க்கும்போது கையைத் தூக்கி இழுக்க வேண்டியதில்லை, ஒரு ஞாயிறு மதியம் போதும் பழக. சட்டப்படி குறைந்தது 100 பவுண்டு இழுவிசை, வேலை செய்யும் சேஃப்டி, 14 அங்குலத்துக்குக் குறையாத அம்பு. வில்லுக்கு 30 பவுண்டு போதும், ஆனால் அந்த 30 பவுண்டை விறைத்த விரலோடு, நெஞ்சு படபடக்க, சத்தமில்லாமல் இழுத்துப் பிடிப்பதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதனால் வில்லா கிராஸ்போவா என்று மட்டும் கேட்டால், தினம் பழக நேரமில்லாதவர் யோசிக்காமல் கிராஸ்போ எடுக்கட்டும். அது வில்லே இல்லை என்று மூக்கைச் சுருக்குகிறவர்களை நான் ஏற்பதில்லை, அரைகுறைப் பழக்கத்தோடு வில் எடுத்துப் போவதுதான் தப்பு. ஒரே ஒரு எச்சரிக்கை: கிராஸ்போ ரைபிள் மாதிரி தோளில் வைத்துச் சுடுவதால், அதன் தூரமும் ரைபிள் மாதிரி என்ற நினைப்பு வந்துவிடும். 40 கெஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மஸில்லோடர், நம்மூரில் நரிக்குறவர்கள் தோளில் பார்த்திருப்போமே, குழாய் வாய்வழியாக மருந்தும் குண்டும் திணிக்கிற துப்பாக்கி, அதே வகைதான், நவீனமாக வரும். ஒரு குண்டுதான், மறுபடி திணிப்பதற்குள் மான் அடுத்த கவுண்டிக்குப் போயிருக்கும். ஒன்பது நாள் வெடிச்சத்தம் கேட்டு மிரண்ட மான்கள் டிசம்பர் பனியில் இருட்டிய பிறகுதான் வெளியே தலைகாட்டும். முதல் வருடத்துக்கு இது வேண்டவே வேண்டாம். ஆனால் துப்பாக்கி லைசென்ஸ் ஒன்றே ரைபிள் சீசனுக்கும் மஸில்லோடர் சீசனுக்கும் செல்லும், டேக் மீதமிருந்தால் மட்டும் போதும், என்பதை நினைவில் வையுங்கள்.

பணத்தில் பெரிய வித்தியாசமில்லை. இங்கே வசிப்பவருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் 24 டாலர், வில்லும் அதே, கிராஸ்போவும் அதே. வில், கிராஸ்போ இரண்டில் ஒன்றை வாங்கியவர் மற்றதை 3 டாலர் கூடக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே கொம்பன் டேக்தான். துப்பாக்கி லைசென்ஸுக்குத் தனியாக ஒன்று உண்டு. பெண்மான் டேக் கவுண்டிக்குக் கவுண்டி, பொது நிலமா தனியார் நிலமா என்பதற்கு ஏற்ப மாறும், டேக்கில் எழுதியிருக்கிற இடத்தில் மட்டும்தான் செல்லும். எதில் சுட்டாலும் மான் கைக்கு வந்த மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். முழு வெள்ளை மானைத் தொடவே கூடாது.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெச்-1பி போன்ற விசாவில் உள்ளவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, முறையான வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை. வில்லும் கிராஸ்போவும் அந்தச் சட்டத்தில் துப்பாக்கிக் கணக்கில் வராது. நண்பரின் ரைபிளை இரவல் வாங்குவதாக இருந்தாலும் முதலில் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள், இதில் தவறினால் போவது ஒரு சீசன் மட்டுமில்லை. இந்தக் குழப்பமே வேண்டாம் என்று நினைப்பவருக்கு மட்டும் என் பதில் மாறும்: அவர் கிராஸ்போவில் தொடங்கட்டும், அக்டோபர் கடைசி வாரம் குளிர்ந்த பிறகு, 30 கெஜத்துக்குள்.

ஆபத்தைப் பொறுத்தவரை, துப்பாக்கி என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள், நியாயம்தான். ஒன்பது நாளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர் லைசென்ஸோடு காட்டில் இருக்கிறார்கள். அதற்குத்தான் இடுப்புக்கு மேல் தெரியும் உடையில் பாதிக்குமேல் பளீர் ஆரஞ்சு அல்லது பளீர் பிங்க் கட்டாயம், அந்த நாட்களில் வில்லோடு போனாலும் அதே விதி. ஆனால் வில் சீசனின் ஆபத்தை யாரும் பேசுவதில்லை: பரணிலிருந்து விழுவது. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள். தரையிலிருந்து கால் எடுக்கும் முன்பே முழு உடம்புப் பட்டியைக் கயிற்றில் மாட்டுங்கள். ரைபிளோடு தரையிலேயே ஒரு மரத்தில் சாய்ந்து உட்காரலாம், அதுவும் புதியவருக்கு ஒரு வசதி.

எனக்கு முதல் சீசனைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், எழுபது வயது. ரைபிளில் ஒரு குழுவாகப் போனால், கண்ணுக்கோ குரலுக்கோ எட்டும் தூரத்தில் இருக்கும்வரை ஒருவர் டேக்குக்கு இன்னொருவர் சுடலாம் என்று இங்கே சட்டமே இருக்கிறது, போனில் பேசிக்கொள்வது கணக்கில் வராது. வில்லுக்கு இது கிடையாது. வில் சீசனில் தனியாகப் போவோம், தப்பும் தனியாகவே செய்வோம். அந்தப் பெரியவர் என் முதல் மானுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, என் கையைப் பிடித்து, கத்தியின் கூர்முனை குடலைக் கிழிக்காமல் இரண்டு விரலுக்கு நடுவில் எப்படி மேல்நோக்கிப் போகவேண்டும் என்று காட்டினார். சூடு என் கையுறையைத் தாண்டி உறைத்தது. நான் அழுதேன், அவர் ஒன்றும் சொல்லாமல் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வில்லோடு தொடங்கியிருந்தால் அந்த நாளை நான் தனியாகவே கழித்திருப்பேன்.

மான் சுட்டபிறகு தலையை இலவசப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். சிடபிள்யூடி என்ற, மான்களைக் கொல்லும் மூளை நோய் இந்த மாநிலத்தில் 2002-இல் மவுண்ட் ஹோரெப் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, அதற்குப் பிறகு பல கவுண்டிகளுக்குப் பரவியிருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோயுள்ள மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறையின் அறிவுரை. முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் இருக்கட்டும். நம் வீட்டுக்கு அதிகமாகிவிட்டால் இங்கே மான் தானத் திட்டம் இருக்கிறது, அதில் சேர்ந்த கசாப்புக் கடைகளில் முழு மானாகக் கொடுத்தால் அறுத்து உணவு வங்கிகளுக்கு அனுப்பிவிடுவார்கள்.

1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் எந்த லைசென்ஸும் கிடையாது, ஒரு அனுபவசாலியின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்து பழகும் ஏற்பாடு போன்றவை விலக்கு. 18 வயது தாண்டியவர் முழுக்க ஆன்லைனிலேயே முடிக்கலாம். நான் சொல்வேன், நேரில் போங்கள், வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை எப்படிக் கைமாற்றுவது என்பதைத் திரையில் பார்த்துப் பழக முடியாது. ஆகஸ்டிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள், நவம்பர் நெருங்கினால் வகுப்பில் இடம் இருக்காது.