கையடக்க ஈசிஜி கருவி: எட்டு மாதம் வைத்திருந்து பார்த்ததில்

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படபடப்பு திடீரென்று வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடுகிறதா? தாராளமாக வாங்குங்கள். தினமும் சும்மா பார்த்துக்கொள்ளலாம் என்றால் வேண்டாம்.

எனக்கு 26 வயது. இரண்டு வருடமாகத் தொல்லை. கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்து நிமிர்வேன், சுவிட்ச் போட்டது போல நெஞ்சு ஓட ஆரம்பித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறாது, ஒரே அடியில் உச்சிக்குப் போகும். கழுத்தில் திம் திம் என்று அடிப்பது சட்டைக் காலருக்கு மேலே கண்ணாடியில் தெரியும். பத்து நிமிடமோ அரை மணியோ கழித்து, வந்த மாதிரியே சட்டென்று நிற்கும், அப்புறம் இரண்டு மூன்று முறை பாத்ரூம் போக வேண்டியிருக்கும். ஆட்டோ பிடித்துப் போய் ஈசிஜி எடுத்தால் நார்மல். மூன்று முறையும் நார்மல். 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியும் மாட்டினார்கள், நெஞ்சில் ஒட்டிய ஒயர்களோடு குளிக்காமல் ஒரு நாள் இருந்தேன், அன்றைக்குப் பார்த்து ஒன்றுமே வரவில்லை. டென்ஷன், கேஸ், காபியைக் குறை, தூக்கம் பத்தவில்லை, கண் திருஷ்டி என்று நான் கேட்காத காரணம் இல்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர்தான், "வரும்போது பிடித்தால்தான் தெரியும்ப்பா" என்று இந்தக் கருவியைச் சொன்னார்.

இரண்டு விரல் அகலம், ஒரு விரல் நீளம், மேலே இரண்டு உலோகத் தகடுகள், அவ்வளவுதான். இரண்டு கை விரல்களையும் அதில் வைத்து 30 விநாடி அசையாமல் இருந்தால் இதயத்தின் மின்சார ஓட்டத்தைப் போனில் கோடாக வரைந்து பிடிஎஃப் தரும். ஆஸ்பத்திரி ஈசிஜி 12 கோணங்களில் பார்ப்பதை இது ஒரே கோணத்தில் பார்க்கிறது. 2012இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்ற அலைவ்கோர் கருவி இந்த வகையில் முன்னோடி, 2018இல் ஆப்பிள் வாட்ச் 4 இதையே மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தது. நான் வாங்கியது இவை இரண்டும் இல்லை, வேறொன்று. சாதாரண ஃபிட்னஸ் பேண்டில் எரியும் பச்சை விளக்கு ரத்த ஓட்டத்தை வைத்துத் துடிப்பை எண்ணுவதோடு சரி. துடிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பதெல்லாம் அதில் தெரியாது.

வாங்கிய 19ஆம் நாள், துவைத்த துணியோடு பக்கெட்டைத் தூக்கும்போது வந்தது. விரல் ஈரம், கை நடுக்கம், முதல் பதிவு வெறும் கிறுக்கல். கையைத் துடைத்துக்கொண்டு மொட்டை மாடித் தரையிலேயே உட்கார்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி மறுபடி எடுத்தேன். நிமிடத்துக்கு 188. சீப்புப் பற்கள் மாதிரி ஒல்லியான முனைகள், ஒரே இடைவெளியில். ஆப் என்ன சொன்னது தெரியுமா? "வகைப்படுத்த முடியவில்லை". அழுகையே வந்துவிட்டது. ஆனால் டாக்டர் அந்த வரியைப் படிக்கக்கூட இல்லை. கோட்டை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார், ஒவ்வொரு முனைக்கு முன்னாலும் இருக்க வேண்டிய பி அலை என்ற சின்ன மேட்டைக் காணோம் என்று காட்டினார். இது எஸ்விடி என்றார், அதாவது இதயத்தின் மேல் பகுதியில் மின்சாரக் கோளாறால் திடீரென்று வேகம் பிடிக்கும் துடிப்பு. பயத்திலோ காய்ச்சலிலோ துடிப்பு கூடுவது வேறு, அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். எனக்கு, இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரத்தைக் கடத்தும் ஏவி நோடு பக்கத்தில் மின்சாரம் போக இரண்டு வழி, ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இளவயதில், குறிப்பாகப் பெண்களுக்கு, அதிகம் வருவதாம். ஆகவே காசு கொடுப்பது அந்த 30 விநாடிக் கோட்டுக்குத்தான், ஆப்பின் தீர்ப்புக்கு இல்லை.

நிறுத்துவதற்கும் ஒரு முறை சொல்லிக்கொடுத்தார். பாதி சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் பிஸ்டன் லேசாக நகரும் அளவுக்கு 15 விநாடி ஊதி, உடனே மல்லாந்து படுக்க, இன்னொருவர் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015இல் வந்த ரிவர்ட் ஆய்வில் இப்படிச் செய்த 43 சதவீதம் பேருக்கு நின்றது, காலைத் தூக்காத பழைய முறையில் 17 சதவீதம்தான். உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

குறைகள் உண்டு. பழைய பதிவுகளைச் சேமித்து வைக்க ஆப் சந்தா கேட்கிறது, எனக்குக் கோபம் வந்த இடம் அது, பிடிஎஃப்பை அன்றன்றே மெயிலில் போட்டுவிடுங்கள். முதல் மாதம் ஒரு நாளைக்கு இருபது தடவை எடுத்தேன், பார்க்கப் பார்க்கப் பயம் கூடி அதுவே துடிப்பை ஏற்றியது. மாரடைப்பை இது கண்டுபிடிக்காது. மயக்கம், நெஞ்சுவலி, விளையாடும்போது சுருண்டு விழுவது, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருப்பது, இதெல்லாம் இருந்தால் ஆப் நார்மல் என்று சொன்னாலும் டாக்டரிடம் போயே ஆக வேண்டும், மயக்கமோ வலியோ அந்த நேரத்திலேயே இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

எனக்கு அப்லேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. தொடை வழியாக ஒயர் விட்டு அந்த உபரி வழியைச் சுட்டு அடைத்தார்கள், மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன், அதன்பின் ஒரு தடவைகூட வரவில்லை. கருவி இப்போது சித்தி மகளிடம். கல்லூரி மாடி ஏறினாலே படபடப்பு என்றாள், எடுத்துப் பார்த்தால் 118, ஆனால் ஒவ்வொரு முனைக்கு முன்னாலும் அந்த மேடு ஒழுங்காக இருந்தது. அதைப் பார்த்த டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார், ஹீமோகுளோபின் 7.9, ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறாள்.